பூம்வேக்கர்: நாற்பது பிள்ளைகளுக்கு எட்டுக் குழாய் போதுமா?

வாரத்துக்கு ஒரு பாட்டு பீரியட், வகுப்பில் நாற்பது பிள்ளைகள், வாத்தியம் வாங்க எப்போதாவது வந்து சேரும் கொஞ்சம் காசு. இந்தக் கணக்குக்குள் காலம் தள்ளும் பாட்டு டீச்சர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் ஒற்றைப் பிள்ளைக்கு வாத்தியம் தேடுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தனியாக உட்கார்ந்து வாசிக்க பூம்வேக்கர் லாயக்கே இல்லை.

கும்பகோணம் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, "இசை வகுப்புக்கு ஏதாவது வாங்கிக்கோங்க டீச்சர்" என்று பணம் கொடுத்தார்கள். தலைமையாசிரியருக்கு ஒரு ஹார்மோனியம் வாங்கும் ஆசை. ஹார்மோனியம் வந்தால் வாசிப்பது நான், கேட்பது பிள்ளைகள். அது இப்போதும் நடக்கிறதுதானே, அதற்கு எதற்குப் பழைய மாணவர்களின் காசு? அப்படித்தான் பூம்வேக்கர் செட் இரண்டும், அப்புறம் அதன் துணைச் சாமான்களும் எங்கள் பீரோவுக்குள் வந்தன. ஒரு கல்வியாண்டுக்கு மேல் அடித்துப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

பார்க்கப்போனால் வெறும் பிளாஸ்டிக் குழாய்தான். இரண்டு பக்கமும் திறந்திருக்கும். உள்ளங்கையிலோ தொடையிலோ தட்டினால் ஒரு சுரம் கேட்கும். ஒரு குழாய்க்கு ஒரு சுரம், அவ்வளவே. 1990களில் அமெரிக்காவில் கிரெய்க் ராம்செல் என்பவர் பரிசுத்தாள் சுற்றி வரும் அட்டைக்குழாயை வெட்டி, தட்டிப் பார்த்து, கேட்ட சத்தத்திலிருந்து உருவாக்கியது. எட்டுக் குழாய் செட்டில் கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் ஒரு ஸ்தாயிக்கு வந்துவிடும். அதாவது ஒரு கட்டை (C) சுருதியில் சங்கராபரண ராகம், மேல் ச வரைக்கும். கீழ் ச சுமார் இரண்டடி நீளம், மேல் ச அதில் பாதி. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளம்பச்சை, கரும்பச்சை, ஊதா, ரோஸ் என்று வரிசையாக ஏழு சுரத்துக்கும் வண்ணம், மேல் ச-வுக்கு மறுபடி சிவப்பு. குழாயின் மேல் ஆங்கில எழுத்துதான் அச்சாகியிருக்கும். நான் ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ச, ரி, க, ம என்று எழுதி மேலே செல்லோடேப் ஒட்டிவிட்டேன்.

வாங்குவதற்கு முன் மற்றதையும் யோசிக்காமல் இல்லை. ரெக்கார்டர் என்கிற ஊதுகுழல் மலிவு, ஆனால் ஓட்டைகளை மூட இரண்டு கைகளும் விரல்களும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், வாயில் வைத்ததை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. யுகுலேலே என்கிற குட்டி கிட்டாரின் தந்திகளுக்கு சுருதி சேர்ப்பதிலேயே பாதி பீரியட் போய்விடும். சின்ன கீபோர்டில் ஒருத்தர் வாசிக்க முப்பத்தொன்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள், அந்த ஒருத்தரும் ஏற்கெனவே வீட்டில் கீபோர்டு இருக்கிற பிள்ளையாகத்தான் இருக்கும்.

என்னை இந்தக் குழாயின் பக்கம் இழுத்தது மோகன ராகம். எட்டில் இளம்பச்சையையும் ரோஸையும் எடுத்து பீரோவில் வைத்துவிட்டால் மிச்சமிருப்பது ச ரி க ப த, மேல் ச. எதை எதற்குப் பின்னால் அடித்தாலும் காதைக் குத்தாது. முதல் வகுப்பிலேயே, யாருக்கு எது கிடைத்தாலும், எப்போது தட்டினாலும், ஏதோ ஒரு மோகனம் அறைக்குள் வந்துவிடும். ஊதாவை எடுத்து வைத்துவிட்டு ரோஸைத் திரும்பக் கொடுத்தால் ஹம்சத்வனி. "டீச்சர், இது பிள்ளையார் பாட்டு மாதிரி இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். ராகம் என்றால் என்ன என்று நான் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி முக்கியமான விஷயம்.

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி சக்கர நாற்காலியில் வருகிறாள். பெருமூளை வாதம். வலது கை அவள் சொன்னதைக் கேட்காது, இடது கை கேட்கும், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அதுவரை பாட்டு பீரியடில் அவளுக்கு என்ன வேலை? வாயசைப்பு. வாத்தியம் என்று வரும்போது நம்மில் பலர் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு ஜால்ராவைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டி, கீழ் ச குழாயை அவளுடைய முன்கையோடு சேர்த்துக் கட்டினோம். இறுக்கிக் கட்டினால் வலிக்கும் என்பதால் நடுவில் ஒரு கைக்குட்டை. நாற்காலியின் கைப்பிடி ரப்பரில் தட்டினால் நல்ல கனமான ச கேட்கிறது. அவளுடைய தட்டு தாளத்துக்கு முன்னே பின்னே விழுந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். நம் சங்கீதத்தில் ச-வும் ப-வும் எப்போது ஒலித்தாலும் சுருதிதான். தம்பூரா தாளம் பார்த்தா மீட்டப்படுகிறது? தாளத்தில் நிற்கச் சிரமப்படும் பிள்ளைகள் நாலு பேருக்கு ச, ப கொடுத்து நடுவில் உட்கார வைத்தால் அவர்கள்தான் வகுப்பின் ஆதார சுருதி. மற்றவர்கள் அவர்கள் மேல் ஏறி நின்று வாசிக்கிறார்கள்.

ஆனால் எப்போது பார்த்தாலும் ச-வையே கொடுத்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். "எனக்கு க வேணும் டீச்சர்" என்று அவளே கேட்டாள். மோகனத்தில் க-வைக் கேட்கிறவள் விவரமான பிள்ளை! க-வுக்கு நேரம் தப்பக்கூடாது. அதனால் பாட்டின் வேகத்தைக் குறைத்தோம். அவள் கை வந்து சேரும் வரைக்கும் ஓர் அட்சரம் (தாளத்தில் ஓர் எண்ணிக்கை) கூடுதலாக எல்லோரும் காத்திருக்கும்படி வரியை மாற்றினேன். அந்த இடைவெளி இப்போது பாட்டின் ஓர் அங்கமாகிவிட்டது, அவள் வராத நாளில்கூட பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள்.

காது கேட்கும் கருவி போட்டிருக்கும் பையன் ஒருவன் ஏழாம் வகுப்பில். எல்லாக் குழாயும் சேர்ந்து ஒலிக்கும்போது கருவி வழியாக அவனுக்கு வருவது வெறும் இரைச்சல்தான். இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது குழாய் இல்லை, ஆதி தாளம். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு அட்சரமும் கையில் கண்ணால் பார்க்கும்படி இருக்கிறது. கண்ணால் வாசிக்க இதைவிட நல்ல தாள முறை எங்கே கிடைக்கும்? அவனை முன்னால் நிறுத்தி தாளம் போடச் சொன்னேன். இப்போது வகுப்பு அவன் கையைப் பார்த்துத்தான் ஓடுகிறது. காலம் மாற்றுவதும் அவன்தான், சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டி எல்லோரையும் தடுமாற வைப்பான். நீளக் குழாயை மாரோடு சேர்த்துப் பிடித்துத் தட்டினால் அதிர்வு தெரிகிறது என்று அவனே ஒருநாள் எனக்குக் காட்டினான். குட்டைக் குழாய்களில் அந்த அளவு தெரிவதில்லையாம்.

பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கு வண்ணத்தால் பிரயோஜனம் இல்லை, நீளத்தால் உண்டு. நீளமானது கீழே, குட்டையானது மேலே. சுருதி ஏறுவதைக் கையால் தடவிப் பார்க்கிற வாத்தியம் இது. அதோடு குழாயில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்: ச-வுக்கு ஒன்று, ரி-க்கு இரண்டு, இப்படி. பையன்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்பதையும் மறக்க வேண்டாம். போர்டில் வண்ணச் சாக்பீஸால் மட்டும் எழுதிவிட்டு, "சிவப்பு வந்தா சிவப்பு அடி" என்றால் அந்தப் பையன் எப்போதும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் அடிப்பான். வண்ணத்தோடு எழுத்தும் வேண்டும். இன்னொன்று, வண்ணத்தாலும் வடிவத்தாலும் சுரம் குறிக்கும் ஃபிகர்நோட்ஸ் என்ற முறை பின்லாந்தில் சிறப்புக் குழந்தைகளுக்காகப் பிறந்தது, நல்ல முறை. ஆனால் அதன் வண்ணங்களும் இந்தக் குழாயின் வண்ணங்களும் வேறு வேறு. இரண்டையும் ஒரே வகுப்பில் கலந்துவிடாதீர்கள்.

சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு இது சோதனைதான், மறைக்க மாட்டேன். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் முதல் வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். மேஜையில் அடிப்பதை அன்றோடு எல்லோருக்கும் நிறுத்தினோம், தொடையில் மட்டும். ஒலி பாதியாகக் குறைந்தது, கேட்கவும் நன்றாக இருந்தது. அவனுக்கு வராந்தாவில், கதவைத் திறந்து வைத்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு பாய். அங்கிருந்து மேல் ச-வை மட்டும் வாசிப்பான். வரியின் கடைசியில் ஒரே ஒரு தடவை வரும் அந்தச் சுரத்தை அவன் இதுவரை தவறவிட்டதே இல்லை. எங்கள் பள்ளிக்கு வந்துபோகும் சிறப்புப் பயிற்றுநர்தான் இந்த வராந்தா யோசனையைச் சொன்னவர்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. வகுப்புக்கு வெளியே தள்ளப்படுவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. அறுவடை நேரத்தில் பத்து நாள் காணாமல் போகும் பிள்ளை வீணை வகுப்பில் அதோடு தொலைந்தது. இங்கே திரும்பி வந்த அன்றே கையில் ஒரு குழாயோடு பாட்டுக்குள் வந்துவிடலாம். அப்புறம், எங்கள் ஊரில் வாத்தியத்துக்குச் சாதி உண்டு. வீணை யார் வீட்டில் இருக்கும், தவில் யார் வீட்டில், பறை யார் வீட்டில் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். இந்தப் பிளாஸ்டிக் குழாய்க்கு இன்னும் யாரும் சாதி ஒட்டவில்லை. அப்பா பறை அடிப்பதை வகுப்பில் வாயே திறக்காமல் வைத்திருந்த பையன், குழாயைக் கையில் வாங்கியதும் இரண்டு தொடையிலும் மாற்றி மாற்றி ஓர் அடி அடித்தான் பாருங்கள், தாளம் போடுகிறவன் கையே நின்றுவிட்டது. "எங்கடா கத்துக்கிட்டே?" என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த வாரம் பறையே வகுப்புக்கு வந்தது. அதற்கும் இந்தக் குழாய்க்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்று சொல்லலாம். நான் சம்பந்தம் இருக்கிறது என்கிறேன்.

வேகமாகக் கற்கும் பிள்ளைகள் இதில் சலித்துப் போவார்களே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெளியே கீபோர்டு கற்கும் இரண்டு பேர் முதல் மாதத்திலேயே கொட்டாவி விட்டார்கள். அவர்களுக்கு கிரகபேதத்தைக் கொடுத்தேன். மோகனத்தின் அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு ரி-யை ச ஆக்கித் தொடங்கினால் மத்யமாவதி. க-வைத் தொட்டுத் தொடங்கினால் இந்தோளம். ப-விலிருந்து சுத்த சாவேரி, த-விலிருந்து சுத்த தன்யாசி. புத்தகத்தில் இதை அட்டவணையாகத்தான் படித்திருப்போம். இங்கே பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வைத்து, "இப்ப நீதான் ச" என்று ஒருத்தியின் தோளைத் தொட்டால் போதும், வட்டம் அவளிடமிருந்து ஆரம்பிக்கும். ஒரு குழாயும் மாறவில்லை, ஆளும் இடம் மாறவில்லை, ராகம் மாறிவிடுகிறது. க-விலிருந்து தொடங்கியபோது, "இப்ப ஏன் டீச்சர் அழுற மாதிரி இருக்கு?" என்று கேட்டது கீபோர்டு பையன் இல்லை, பின்பெஞ்சுக்காரன் ஒருவன். கீபோர்டு பையன் மூன்று நாள் யோசித்துவிட்டு வந்து விடை சொன்னான்.

சரி, குறைகளுக்கு வருவோம். கொஞ்சமில்லை.

கமகம் கிடையாது. அசைக்கவோ இழுக்கவோ வழியே இல்லாத மொட்டைச் சுரம். கமகமே உயிரான தோடி, பைரவி ராகங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. மோகனமே கமகம் இல்லாமல் கேட்டால் விளம்பர இசை போலத்தான் இருக்கும். குழாய் நேர்ச்சுரத்தைத் தட்டும்போது கூடவே பிள்ளைகள் வாயால் அசைத்துப் பாட வேண்டும், அதை விட்டுவிட்டால் சங்கீதம் கைநழுவிவிடும். ஒலி நீடிக்கவும் நீடிக்காது. தட்டியதும் அணைந்துவிடும், கார்வை (சுரத்தை நீட்டி நிறுத்துவது) எல்லாம் குரலில்தான். இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகத்துக்கு) மேல் போனால் பிள்ளைக்குப் பிள்ளை சுரம் கைமாறுவதில் குளறுபடி. மூன்றாம் காலத்தை முயற்சி செய்வதை நான் விட்டுவிட்டேன்.

அடுத்து, இந்த எட்டுக் குழாயில் சரளி வரிசை வராது! நம் பாலபாடமே மாயாமாளவகௌளை ராகத்தில்தான். அதன் சுத்த ரிஷபத்துக்கும் (ரி) சுத்த தைவதத்துக்கும் (த) கீபோர்டின் கறுப்புக் கட்டை வேண்டும். ஐந்து கறுப்புக் கட்டைச் சுரங்களும் அடங்கிய துணைச் செட் தனியாக விற்கிறார்கள், அதையும் வாங்கினால்தான் ச ரி க ம தொடங்கலாம். விளம்பரத்தில் இதை எழுத அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சுருதியும் ஒரு தலைவலி. பெண் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டையில் (G) சொல்லிக்கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் குழாயின் ச அதற்கு மேலே இருக்கிற ஒரு கட்டை (C). மேல் ஸ்தாயி சஞ்சாரம் வந்தால் பிள்ளைகள் கீச்சிடுவார்கள். இதற்கு நிவாரணம் மூடி. குழாயின் ஒரு முனையை மூடிவிட்டால் சுரம் அப்படியே ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், அதற்கென்றே கறுப்பு மூடி தனியாகக் கிடைக்கிறது. கரும்பச்சை, ஊதா, ரோஸ் மூன்றுக்கும் மூடி போட்டு அவற்றை ச ரி க ஆக்கி, மூடியில்லாத ஆரஞ்சையும் மஞ்சளையும் ப, த என்று வைத்தால் ஐந்து கட்டையில் மோகனம் தயார். மேல் ச-வுக்கு மூடியில்லாத இன்னொரு கரும்பச்சை வேண்டும், அதற்காகத்தான் இரண்டு செட். மூடி போட்டால் ஒலி கொஞ்சம் மந்தமாகும், ஆனால் பாடும் குரலுக்கு அது இதமாகவே இருக்கிறது. கிரகபேதத்துக்கும் ஒரு செட்டை மூடியோடு, ஒரு செட்டைத் திறந்து வைத்துக்கொண்டால் எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் மேல் ச வரை முழு ஆரோகணம் கிடைக்கும்.

வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். காற்று சூடேறினால் அதில் ஒலி வேகமாகப் போகும், குழாயின் சுருதி ஏறும். பத்து டிகிரி கூடினால் ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மார்கழியில் கீபோர்டோடு ஒட்டிப் போன குழாய்கள் ஏப்ரல் மத்தியானத்தில் ஒட்டாது. எல்லாக் குழாயும் ஒன்றாகவே ஏறுவதால் அவற்றுக்குள் சண்டை வராது. சுருதிப் பெட்டி ஆப்பில் நுண்சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும். கீபோர்டோடு சேர்த்து வைக்கிற ஆண்டு விழா ஏற்பாடு என்றால் மட்டும் யோசியுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, இது வெளிநாட்டுச் சரக்கு. ஒரு செட்டுக்குக் கேட்கிற காசில் சுமாரான யுகுலேலே ஒன்று வாங்கிவிடலாம். அதனால் மலிவான நகல்கள் ஆன்லைனில் நிறைய. இரண்டாவது செட்டை அப்படி ஓர் இடத்தில் ஆர்டர் செய்தேன், வண்ணமெல்லாம் அச்சு அசல், ஆனால் நி-யும் மேல் ச-வும் கிட்டத்தட்ட ஒன்றே. திருப்பி அனுப்பப் போனால், "பொருள் உடையவில்லையே மேடம்" என்கிறார்கள். சுருதி உடைந்திருக்கிறது என்பதை வாடிக்கையாளர் சேவைக்கு எப்படிப் புரிய வைப்பது! போராடித்தான் காசு வந்தது. வாங்கியதும் போனில் டியூனர் ஆப் வைத்து எட்டையும் தட்டிப் பாருங்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

காசே இல்லையென்றால் ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். எலக்ட்ரீஷியன்கள் வயர் இழுக்கும் 25 மி.மீ. பிவிசி பைப் போதும். நம் வெயிலுக்கு ஒரு கட்டை ச சுமார் 65 செ.மீ. வரும், ப சுமார் 43, மேல் ச பாதிக்கும் சற்றுக் குறைவாக 32. கொஞ்சம் நீளமாகவே வெட்டி, டியூனரைப் பார்த்துக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். நீளத்தைக் குறைத்துவிட்டால் திரும்பக் கூட்ட வழியில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியர் இதை எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடமாகவே நடத்தினார்: ப-வின் நீளம் ச-வில் ஏன் மூன்றில் இரண்டு பங்கு? ஒரே குறை, பிவிசி கனம், தொடையில் அடித்தால் வலிக்கும். திறந்த வாயில் பழைய ரப்பர் செருப்பால் தட்டினால் நன்றாக ஒலிக்கிறது. செருப்பால் வாத்தியத்தை அடிப்பதா என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தார். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அப்போ வாங்கலாமா? எங்களுடையதைப் போன்ற பள்ளி என்றால் கண்டிப்பாக வாங்கலாம். முதலில் ஓர் எட்டுக் குழாய் செட், கூடவே மூடி. ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் இன்னொரு எட்டும் கறுப்புக் கட்டை ஐந்தும். பையன்கள் வாள்சண்டை போடத்தான் செய்வார்கள், நசுங்கின குழாய் சுருதியில் நிற்காது, அதனால் பீரோ சாவி டீச்சரிடமே இருக்கட்டும். மூடியை மட்டும் தேவைக்கு மேல் நாலு வாங்கி வையுங்கள். எங்களுடையதில் இரண்டு பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.